எங்களிடம் கணக்குக் கேளுங்கள்

பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் உரிமம் வழங்கும் தமிழக அரசுத் துறைகளின் செயலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர்களுக்கு,

வணக்கம்.

கோவையில் ஒரு மழலையர் பள்ளியும் அதோடு சேர்ந்த பகல்நேரக் காப்பகமும் நடத்துகிறேன். உரிமம் உண்டு. வருகிறவர்கள் கண்ணில் படும்படி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் உங்களுக்கு எழுதினால் அது பெரும்பாலும் சான்று தாமதமாகிறது என்றோ, ஆய்வு என்ற பேரில் அலைக்கழிக்கிறார்கள் என்றோதான் இருக்கும். நான் கேட்கப் போவது அதற்கு நேர்மாறு. எங்கள் தலையில் இன்னும் ஒரு படிவத்தைக் கட்டுங்கள். எங்கள் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு என்னென்ன ஆனது என்று மாதாமாதம் கணக்குக் கேளுங்கள். வாங்கிய கணக்கைப் பெற்றோர் பார்க்கும்படி வையுங்கள். இதைப் படித்துவிட்டுத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சிலர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொள்ளக்கூடும். பரவாயில்லை.

2025 ஜனவரி 3ஆம் தேதி விக்கிரவாண்டியில், ஒரு தனியார் பள்ளி வளாகத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. படித்த சிறுமி இறந்தாள். தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி மதுரையில், ஒரு தனியார் மழலையர் பள்ளியில், தரைமட்டத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். இரண்டுக்கும் நடுவே நான்கு மாதம்கூட இல்லை. இரண்டு இடத்திலும் போலீஸ் வந்தது, கைது நடந்தது. மதுரையில் பள்ளிக்குச் சீல் வைத்தார்கள். எல்லாம் நடக்க வேண்டியவைதான். ஆனால் முதல் சாவிலிருந்து இரண்டாவது சாவைத் தடுக்கத் தேவையான செய்தி எது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் எத்தனை வளாகங்களில் தரைக்குக் கீழே தொட்டி இருக்கிறது? எத்தனை மூடி ஆடுகிறது? எந்த மூடியில் ஏற்கெனவே யாருடைய காலாவது போய் மீண்டிருக்கிறது? சுற்றறிக்கை போயிருக்கலாம். சுற்றறிக்கை கவனமாக இருக்கச் சொல்லும். எங்கே ஆபத்து இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இரும்பு மூடி ஒரே ராத்திரியில் இற்றுப்போவதில்லை. பள்ளிக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆயா ஒருத்தி அதன் மேல் நடக்கும்போது அது 'டொங்' என்று அமுங்கியிருக்கும். "அந்தப் பக்கம் போகாதீங்கடா" என்று யாராவது பிள்ளைகளை விரட்டியிருப்பார்கள். இந்த இரண்டு இடங்களிலும் அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. எந்த இடத்திலும் விபத்துக்கு முன்னால் இப்படிச் சில நடக்கும், அவற்றை எழுதிவைக்க நமக்கு ஒரு தாள்கூடக் கிடையாது என்றுதான் சொல்கிறேன்.

நம்முடைய பாதுகாப்பு விதிகளின் பிறந்த தேதியைப் பார்த்தாலே இது விளங்கும். 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பள்ளிக் கூரையில் கீற்று இருக்கக் கூடாது என்பது எல்லார் மனதிலும் ஏறியது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரம் ஏறி இறந்தாள். அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. விதிகள் நல்லவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சவப்பெட்டி இருக்கிறது என்பதுதான் உறுத்துகிறது. அந்தப் பேருந்தின் ஓட்டையும் அன்று காலையில் விழுந்ததாக இருக்காது.

நீங்கள் எங்களிடம் வாங்கும் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. இந்த நான்கும் இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது. நான்கும் அவசியம்தான், குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நான்கையும் மேசையில் பரப்பிப் பார்த்தால் எல்லாமே கட்டடத்தின் ஜாதகம். போன வருஷம் இந்தக் கட்டடத்துக்குள் ஒரு பிள்ளைக்குத் தலையில் தையல் போட்டார்களா, ஒரு பிள்ளை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனதா, வேர்க்கடலை தொண்டையில் சிக்கி முதுகில் தட்டி எடுத்தார்களா என்று உரிமத்தைப் புதுப்பிக்கும்போது யாரும் கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இருந்த கட்டடம்தான் இப்போதும் இருக்கிறது. ஆயாக்கள் மாறிவிட்டார்கள், பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது, மாலை நேரம் ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது. சான்றில் இதெல்லாம் ஏறாது.

எங்கள் காப்பகத்தில் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. ஆயாக்கள் அதற்கு 'அடிபட்ட நோட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். தேதி, மணி, எந்த இடம், பிள்ளையின் வயது, என்ன செய்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் அறையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள், என்ன செய்தோம், பெற்றோருக்கு எப்போது சொன்னோம் என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் மூத்த ஆயா எதிர்த்தார். "எழுதி வெச்சா நாளைக்கு நம்ம கழுத்துக்குத்தானுங்க வரும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். இப்போது அந்த நோட்டை அதிகம் எழுதுகிறவர் அவர்தான்.

அந்த நோட்டு கற்றுக்கொடுத்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அடிபடுவது பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். நோட்டைப் புரட்டினால் இரண்டு நேரங்கள் துருத்திக்கொண்டு நின்றன. ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்து தூங்க வைப்பதற்கு முன்னால். ஓர் ஆயா தட்டுக் கழுவப் போயிருப்பார், இன்னொருவர் ஒரு பிள்ளையைக் கழுவிவிட்டுக்கொண்டிருப்பார், பாய் விரிப்பவர் குனிந்திருப்பார். மூன்று பேர் வேலையில் இருப்பார்கள், ஆனால் பிள்ளைகளைப் பார்க்கும் கண் ஒன்றுகூட இருக்காது. இன்னொன்று மாலையில், அப்பா அம்மா வந்து கூட்டிப் போகும் நேரம். ஒருவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "இன்னைக்குச் சாப்டானுங்களா?" என்று கேட்டபடி கேட்டைத் திறந்து நிற்பார். அவர் காலுக்கு இடையில் இன்னொருவர் பிள்ளை வெளியே போய்விடும்.

குளியலறைக் கதவின் கீல் பக்கம் விரல் நசுங்கியது என்று ஒரே கதவு திரும்பத் திரும்ப நோட்டில் வந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொன்றும் "பிள்ளைங்கன்னா அப்படித்தான்". ஒரே பக்கத்தில் வரிசையாகப் பார்த்தபோது அது கதவின் குற்றம் என்று தெரிந்தது. கீல் இடுக்கை மறைத்து ரப்பர் பட்டை அடித்தோம். அதற்குப் பிறகு அந்தக் கதவு நோட்டில் வரவில்லை.

வாளி விஷயத்தையும் சொல்கிறேன். நடை பழகிய ஒரு பிள்ளை குளியலறையில் பாதி நிறைந்த வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஓர் ஆயா பார்த்துத் தூக்கினார். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை அழக்கூட இல்லை. வேறு இடமாக இருந்தால் அது அன்றோடு மறந்துபோகும் செய்தி. அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குப்புற விழுந்தால் தானாகத் தலையைத் தூக்க முடியாது, சில அங்குலத் தண்ணீரே உயிரை எடுக்கப் போதும். "ஒன்றும் ஆகவில்லை" என்று முடியும் அந்த வரியால் எங்கள் காப்பகத்தில் வாளிகள் எப்போதும் கவிழ்த்தே கிடக்கின்றன. உங்கள் படிவத்தில் இந்த வகைக்கு இடம் இருந்தே ஆக வேண்டும். அடிபட்டதை மட்டும் எண்ணினால் பாதிப் பாடம் போய்விடும். தப்பித்ததையும் எண்ண வேண்டும்.

இப்படி ஒவ்வொரு காப்பகத்துக்கும் தனித்தனியாகத் தெரிந்தது ஏராளம். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தூளியில் போட்டால் பக்கத்தில் ஆள் இல்லாமல் போகக் கூடாது, கொசு விரட்டி மருந்துக் குப்பி கைக்கெட்டும் சுவிட்சில் இருக்கக் கூடாது. கோவையில் ஒருத்தி நோட்டில் எழுதிக் கற்றுக்கொண்டது திண்டுக்கல்லில் காப்பகம் நடத்துகிறவருக்குத் தெரிய இன்று ஒரு வழியும் இல்லை. அந்த வழியை உங்களால்தான் போட முடியும்.

இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2014இல் குழந்தைப் பராமரிப்புக்கான கூட்டாட்சி மானியச் சட்டத்தைப் புதுப்பித்தபோது, பணம் வாங்கும் ஒவ்வொரு மாநிலமும் காப்பகங்களின் ஆய்வறிக்கைகளை இணையத்தில் எளிய மொழியில் வெளியிட வேண்டும் என்று எழுதினார்கள். கூடவே காப்பகங்களில் ஓராண்டில் நேர்ந்த இறப்புகள், கடுங்காயங்கள், நிரூபணமான கொடுமைகள் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும். இந்தச் சட்டத்துக்குச் சற்று முன்பு, 2012இல், மினசோட்டா மாநிலத்தில் 'ஸ்டார் டிரிபியூன்' நாளிதழ் உரிமம் பெற்ற வீட்டுக் காப்பகங்களில் இறந்த குழந்தைகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. சாவுகள் கூடிக்கொண்டு போவதும், பலவும் குழந்தை தூங்கும்போது நேர்ந்தவை என்பதும் தெரியவந்தன. பதிவேடுகள் அரசிடமே இருந்தவைதான். யாரும் வரிசையாக அடுக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2013இல் அந்தச் செய்திக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சட்டமன்றம் தூக்கப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. அங்கே குறைந்தபட்சம் அடுக்கிப் பார்க்கப் பதிவேடு இருந்தது.

ஜப்பான் கதை நம் கதைக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. 2021 ஜூலையில் ஃபுக்குவோக்கா மாகாணத்தில் ஐந்து வயதுப் பையன் காப்பகப் பேருந்துக்குள் விட்டுப்போய் வெயிலில் இறந்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஷிஸுவோக்கா மாகாணத்தில் மூன்று வயதுச் சிறுமி அச்சாக அதே மாதிரி இறந்தாள். அதற்குப் பிறகு 2023 ஏப்ரலிலிருந்து பிள்ளைகள் போகும் பேருந்துகளில் யாரும் உள்ளே விட்டுப்போகாமல் தடுக்கும் எச்சரிக்கைக் கருவிகளைக் கட்டாயமாக்கினார்கள். இத்தனைக்கும் அங்கே காப்பகங்களின் கடும் விபத்துகளைக் கட்டாயமாக அரசுக்குத் தெரிவித்து, ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் முறை இருக்கிறது. அப்படியும் இரண்டாவது சாவு நடந்தது. ஆகவே எண்ணினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். எண்ணியதை யார் படிக்கிறார், படித்தவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் இருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதிகாரம் என்றதும் நம் ஊரின் குழப்பம் நினைவுக்கு வருகிறது. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதை அதன் அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்பதே தீர்மானிக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் என்றால் தொழிற்சாலைச் சட்டத்தின்படி அமைந்த காப்பகம், அதைப் பார்க்கத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வால்பாறை எஸ்டேட்டில் என்றால் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஐ.டி. கம்பெனியில் என்றால், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் சேர்த்த பிரிவு. அதில் அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றுகூட இருக்கிறது. பிள்ளை அங்கன்வாடிக்குப் போனால் சமூக நலத் துறை, என்னிடம் வந்தால் கல்வித் துறை. 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களின் பெயர்கள் மாறிவிட்டன. வாசல்கள் மட்டும் பலவாகவே இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பதிவேடு வைத்தால் எங்கேயும் முழுக் கணக்கு கிடைக்காது. ஆகவே இந்த மடலைத் தனியாக ஒருவருக்கு எழுதவில்லை. நீங்கள் எல்லாரும் ஒரே படிவத்துக்குச் சம்மதிக்க வேண்டும். அதை எந்தத் துறை வைத்துக்கொள்வது என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் தொகுப்புப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்பேன், அது உரிமம் கொடுக்கும் இடமில்லை என்பதால்.

இனி அந்த மூத்த ஆயாவின் பயம். இந்தத் திட்டம் பிழைப்பதும் சாவதும் அதில்தான் இருக்கிறது. இரண்டு காப்பகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மாதம் பன்னிரண்டு சிறு காயங்களை எழுதி அனுப்புகிறது. மற்றது வருஷம் முழுக்கச் சுழியம். பட்டியலைப் பார்க்கும் பெற்றோர் எங்கே சேர்ப்பார்கள்? சுழியத்தில்தான். இரண்டு வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு கடிகூட, ஒரு வீக்கம்கூட வருஷம் முழுக்க இல்லை என்றால் அங்கே பிள்ளைகள் இல்லை, அல்லது நோட்டு இல்லை. உங்கள் ஆய்வாளர்கள் முதலில் போக வேண்டிய இடம் அந்தச் சுழியக் காப்பகம். எழுதியதற்காக ஒருவர் மீதும் நடவடிக்கை வரக் கூடாது, மறைத்ததற்காகக் கட்டாயம் வர வேண்டும். உத்தரவின் முதல் வரியிலேயே இதைப் போடாவிட்டால் அடுத்த மாதமே மாநிலம் முழுக்க நோட்டுகள் வெள்ளையாக வந்து சேரும்.

எண்ணிக்கையை வெறும் எண்ணிக்கையாக வெளியிடுவதும் ஆபத்து. 120 பிள்ளைகளைப் பத்து மணி நேரம் வைத்திருக்கும் இடத்தையும், 15 பிள்ளைகளை மூன்று மணி நேரம் வைத்திருக்கும் இடத்தையும் எப்படி ஒப்பிடுவது? எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி நேரம் என்ற கணக்கும் கூடவே வர வேண்டும். வயதும் வேண்டும், நடை பழகும் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே மாதிரி விழுவதில்லை. சம்பவ நேரத்தில் அறையில் இருந்த பெரியவர்களின் எண்ணிக்கையைத் தவறாமல் கேளுங்கள். மழலையர் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறை 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. காலை பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வந்தால் எல்லா இடத்திலும் அது சரியாகவே இருக்கும். மாலை ஆறு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதை இந்த ஒரு கட்டம் காட்டிக்கொடுக்கும். வருகைப் பதிவேட்டையோ சம்பளப் பட்டியலையோ வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

விழுந்து அடிபட்டதையும் அடித்து அடிபட்டதையும் ஒரே பையில் போட வேண்டாம். பிள்ளையைப் பெரியவர்கள் அடித்தாலோ தகாத முறையில் தொட்டாலோ அது மாதாந்திரப் படிவத்துக்குக் காத்திருக்கும் விஷயம் அல்ல. பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் உடனே புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். புகார் செய்யாமல் மூடி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கும் அதில் தண்டனை உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு, பிள்ளையை ஒப்படைத்த நிறுவனத்தின் ஊழியரே கொடுமை செய்தால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல் என்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் காவல் நிலையத்துக்கும் போக வேண்டியவை அங்கேயே போகட்டும். ஆனால் அப்படிப் போனவற்றின் எண்ணிக்கையும் முடிவும் வருடத்துக்கு ஒரு முறையாவது பொதுக் கணக்கில் சேர வேண்டும். இங்கே நீக்கப்பட்ட ஆள் அடுத்த தெருக் காப்பகத்தில் சேர்வதைத் தடுக்க என்னிடம் இப்போது இருப்பது போன் நம்பர்கள் மட்டும்தான்.

கேமரா இருக்கிறதே என்பீர்கள். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் பத்து மாதக் குழந்தையை ஒரு காப்பக ஊழியர் அடித்தது கேமராவில்தான் பதிவாகியிருந்தது. அதில் மறுப்பில்லை, எங்களிடமும் கேமரா உண்டு. அடி வாங்கிய பிள்ளைக்கு நீதி கிடைக்க அது உதவும். கதவின் கீலை அது கண்டுபிடிக்காது. ஏனென்றால் யாரும் உட்கார்ந்து பழைய பதிவைப் பார்ப்பதில்லை, ஏதாவது நடந்த பிறகுதான் தேடுகிறோம். இப்போது புதிதாக, பெற்றோர் கைபேசியில் நேரலையாகப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். உங்கள் பிள்ளையை நீங்கள் பார்க்கலாம், சரி. அதே திரையில் உடை மாற்றும் அடுத்தவர் பிள்ளையையும் பார்க்கிறீர்கள். அந்தத் திரையை உங்கள் வீட்டில் வேறு யார் பார்க்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பிள்ளைகளைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளில் காப்பகங்களுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு ஒரு ஜன்னல் அளவுதான். அதன் வழியாக முழு வீட்டையும் கடத்தப் பார்ப்பார்கள். எதற்காக எடுத்த பதிவு, யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் எங்களுக்கும் நிம்மதி. இன்றைக்கு நிறையக் காப்பகங்களில் பிள்ளையின் ஆதார் நகல், ஒவ்வாமைக் குறிப்பு, கூட்டிப் போக வருகிற தாத்தாவின் போட்டோ எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் கிடக்கின்றன.

அதே கவனம் நீங்கள் வெளியிடும் கணக்கிலும் வேண்டும். பிள்ளையின் பெயரைப் போடாவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் "இரண்டரை வயதுப் பெண் குழந்தை, செவ்வாய்க்கிழமை, கை எலும்பு முறிவு" என்று போட்டால் டீக்கடையில் பத்து நிமிஷத்தில் பெயர் வந்துவிடும். காப்பகத்தின் பெயரோடு ஆய்வு முடிவுகளையும், திருத்தச் சொன்ன குறைகளையும், திருத்தினார்களா என்பதையும் போடுங்கள். காயக் கணக்கை மாவட்ட அளவில் தொகுத்துப் போடுங்கள். மரணம் நேர்ந்தால் அதற்கு வேறு நடைமுறை. அதைத் தனிக் குழு விசாரித்து, என்ன காரணம், என்ன மாற்ற வேண்டும் என்று பெயரில்லாமல் எழுதி, மாநிலத்தின் எல்லாக் காப்பகங்களுக்கும் தமிழில் அனுப்ப வேண்டும். தமிழில் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆயாக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.

ஆயாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கணக்கில் பாதி அவர்கள் கையால் எழுதப்பட வேண்டியது. பத்து மணி நேரம் நிற்கிறவர்களிடம், இடுப்பில் ஒன்று காலடியில் ஒன்று என்று வைத்திருப்பவர்களிடம், ஆங்கிலத்தில் நாற்பது கட்டம் உள்ள செயலியைக் கொடுத்தால் அது எப்படி நிரப்பப்படும் என்று உங்களுக்கே தெரியும். அங்கன்வாடி ஊழியர்களைக் கேளுங்கள். எடை, உயரம், சத்துமாவு, வருகை எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றிவிட்டுப் பிள்ளையைப் பார்க்க எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். எங்கள் படிவம் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும். பத்துக் கேள்விக்கு மேல் போகக் கூடாது. கைபேசியில் குரலால் சொன்னாலும் ஏறும்படி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் அனுப்பியவருக்கு அடுத்த மாதம் ஏதாவது திரும்பி வர வேண்டும். "உங்கள் மாவட்டத்தில் இந்த மாதம் கதவு இடுக்கில் விரல் மாட்டியது அதிகம், இப்படித் தடுக்கலாம்" என்று ஒரு பக்கம் வந்தால் போதும். எதுவும் திரும்பி வராத இடத்துக்கு மனிதர்கள் உண்மையை அதிக நாள் அனுப்ப மாட்டார்கள்.

செலவு என்று நிதித் துறை கேட்கும். ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பாமல் இதைச் செய்ய முடியாது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் படிவமும் தொகுப்பும் பெரிய செலவு இல்லை. உரிமக் கட்டணத்தோடு சிறு தொகையைச் சேர்த்து எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமம் இல்லாமல் வீட்டு மாடியில் நடக்கும் காப்பகங்களை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கேதான் ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. ஆனால் அவர்களைக் காரணம் காட்டி எங்களை விட்டுவிடாதீர்கள். உரிமம் பெற்றவரிடம் கணக்கு இருக்கிறது, அதைப் பெற்றோர் பார்க்கலாம் என்று ஆன பிறகு, கணக்குக் காட்டாத இடத்தில் பிள்ளையை விடப் பெற்றோர் தயங்குவார்கள். இப்போது உரிமம் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் பெற்றோர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடிச் சட்டம் மட்டும்தான்.

கோவை, திருப்பூர் போல ஏதாவது இரண்டு மாவட்டங்களில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். பனியன் கம்பெனிக் காப்பகம், அங்கன்வாடி, எங்களைப் போன்ற தனியார் இடம், மூன்றும் அதில் இருக்கட்டும். விருப்பப்படுகிறவர்கள் மட்டும் என்று தொடங்கினால் சுழியக் காப்பகங்கள் வெளியே நின்றுகொள்ளும், ஆகவே அந்த இரண்டு மாவட்டங்களிலும் எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளில் பாதி புதிது, ஆயாக்களிலும் சிலர் புதிது, அடிபடுவதும் அப்போதுதான் அதிகம். அதற்கு முன்னால் உத்தரவு வந்தால் முதல் மாதக் கணக்கே உபயோகமாக இருக்கும்.

எங்கள் நோட்டின் கட்டங்களை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, பிள்ளைகளின் விவரம் எதுவும் இல்லாமல், இந்த மடலோடு உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கீழே ஓரத்தில் பென்சிலால் இருக்கும் திருத்தங்கள் எங்கள் மூத்த ஆயாவுடையவை. 'யார் தவறு' என்று நான் வைத்திருந்த கட்டத்தை அடித்துவிட்டு 'எதை மாற்றினோம்' என்று எழுதியிருக்கிறார். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பகல்நேரக் காப்பகம் நடத்தும் ஒருத்தி,
கோயம்புத்தூர்